ஏழெட்டு எத்தனை? – வாய்பாட்டை வீட்டுக்குக் கொண்டுவருவோம்

மாலை ஏழு மணிக்கு நம் மக்கள் குடியிருக்கும் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு குரல் கேட்கும். "தோ ஏகம் தோ, தோ தூனி சார், தோ தியா சே…" நம் வீட்டுப் பிள்ளைதான் இந்தியில் வாய்பாடு ஒப்பிக்கிறது. அடுப்படியில் அதன் தாய் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். காலையிலிருந்து நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தவள். பிள்ளை நடுவில் தடுமாறி நிற்கிறது. "அம்மா, சாத் அட்டே எவ்வளவு?" என்கிறது. அம்மா தலை நிமிராமலே, "எனக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது, டியூஷன் சாரைக் கேள்" என்கிறாள்.

அதே தாய்தான் அன்று பிற்பகல் மளிகைக் கடையில், "கிலோ 56 ரூபாய் என்றால் முக்கால் கிலோ 42 ரூபாய்தானே, 45 எதற்கு எடுத்தாய்?" என்று கடைக்காரரை மடக்கி மூன்று ரூபாயை வாங்கிக்கொண்டு வந்தவள். அவளுக்கா கணக்கு தெரியாது?

இந்த இதழில் கூலியைப் பற்றியும், ரேஷன் அட்டையைப் பற்றியும், குடிசை அகற்றத்தைப் பற்றியும் எழுதுகிறோம். இம்முறை வாய்பாட்டைப் பற்றி எழுதுவது ஏன் என்று சிலர் கேட்கலாம். அரசியல் ஏட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்துக்கு என்ன வேலை? இருக்கிறது என்பதே நம் கருத்து.

நிலைமை என்ன?

ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்புத் தேர்வில் தவறிய பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம் என்று 2019ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக்கூடாது என்றிருந்த பாதுகாப்பு இப்படித் தளர்ந்தது. நிறுத்தப்பட்ட பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, மறு ஆண்டு பள்ளிக்குப் போகுமா, தாயோடு வீட்டு வேலைக்குப் போகுமா என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வகுத்தல் கணக்கு. கிராமப்புற இந்தியாவில் 2024இல் எடுத்த 'ஏசர்' கணக்கெடுப்பின்படி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர்தான் ஒரு சாதாரண வகுத்தலைச் செய்து முடித்தார்கள். மற்ற 69 பேரும் அறிவில்லாதவர்களா? அல்ல. வகுத்தல் என்பது பெருக்கலைத் தலைகீழாகப் பார்ப்பது. 56ஐ எட்டால் வகுக்கச் சொன்னால், ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது நாவில் இருக்க வேண்டும். இல்லாத பிள்ளை விரல்விட்டு எண்ணுகிறது. எண்ணி முடிப்பதற்குள் அடுத்த கணக்கு வந்துவிடுகிறது. பின்னம், சதவீதம், வட்டி, பரப்பளவு எல்லாமே இந்த ஒரு படியில் கால் வைத்துத்தான் ஏறுகின்றன. முதல் படி ஆடினால் மேலே எதுவும் நிற்காது.

சந்தைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்றொரு துறைமுக நகரம். அங்கே தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, 1985இல் அதை வெளியிட்டார்கள். வாங்குபவர்போல் போய், தேங்காய் ஒன்று 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் மூன்றுக்கு 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, பிறகு 315, கடைசியில் 350 என்று வாயாலேயே கூட்டிச் சொன்னான். இப்படிச் சந்தையில் கேட்டவற்றில் நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதே வகைக் கணக்குகளைத் தாளில் எண்களாக எழுதிக் கொடுத்தபோது சரியானவை நூற்றுக்கு 37தான்! மூளை ஒன்றே, இடம்தான் வேறு.

பிரேசில் கதை நமக்கெதற்கு என்று தள்ளிவிட முடியாது. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோரும் அவர்களுடைய கூட்டாளிகளும் கொல்கத்தாவிலும் இதே தில்லியிலும், சந்தையில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். முடிவு 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்தது. விற்பனைக் கணக்கை மனத்தால் போட்ட பிள்ளைகள், பள்ளிப் புத்தகத்தில் இருப்பதுபோல் எழுதிக் கொடுத்த எளிய கணக்கில் தடுமாறினார்கள். சந்தைக்கே போகாத பள்ளிப் பிள்ளைகளோ, தாளில் போடுவதைச் சந்தைக் கணக்கில் போட முடியாமல் நின்றார்கள். தெருவுக்கும் வகுப்பறைக்கும் நடுவே பாலம் இல்லை என்பதே அந்த ஆராய்ச்சி சொல்லும் செய்தி.

பிள்ளைகள் வேலைக்குப் போனால் கணக்கு வரும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பிள்ளையின் இடம் பள்ளிக்கூடமே. அதில் நமக்கு இரண்டாம் பேச்சில்லை. நாம் சொல்வது வேறு. சந்தைக் கணக்கை உழைத்துக் கற்ற தாயும் தகப்பனும் வீட்டில் இருக்கிறார்கள். பள்ளிக் கணக்கைச் சுமந்துகொண்டு பிள்ளை வீட்டுக்கு வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் நம் வீடுதான். பாலத்தை அங்கேதான் கட்ட முடியும்.

பழைய திண்ணையிலிருந்து எதை எடுப்பது?

வாய்பாடு நமக்குப் புதியதல்ல. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்ற ஏட்டைப் பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் கூடி உரக்கச் சொன்னார்கள். முழு எண்கள் மட்டுமல்ல; முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்ற கீழ்வாய்க் கணக்குகளும், 320இல் ஒரு பங்கான முந்திரி வரை, மனப்பாடமாக வந்தன. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் கூலி கொடுக்கவும் அந்தக் கணக்கு பயன்பட்டது.

அந்தத் திண்ணையை அப்படியே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. யார் வயலில் உழைத்தார்களோ அவர்களுடைய பிள்ளைகளை அந்தத் திண்ணையில் ஏறவிடவில்லை. அளப்பவனுக்குக் கணக்கு தெரிந்தது; அளந்து கூலி வாங்கியவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் பிரம்படி உண்டு. நம் பாட்டனார்களில் பலர் பெற்றது கணக்கல்ல, கணக்கில் மோசம் போன கதைகள்தான். ஆகவே வாய்பாட்டை நம் பிள்ளைகள் கையில் எடுப்பது, மறுக்கப்பட்ட ஒரு சொத்தை மீட்பதாகும்.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, கூடி உரக்கச் சொல்வது. மற்றொன்று, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. திண்ணையில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குப் பாடம் சொல்லும் முறையைப் பற்றி 1797இல் நூல் எழுதினார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது 'மதராஸ் முறை' என்றே பேர் பெற்றது. கூலி ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லாத இடத்தில் இது உதவும். ஆனால் ஓர் எச்சரிக்கை: வீட்டில் சட்டாம்பிள்ளை வேலையும் மூத்த பெண்ணின் தலையிலேயே விழக்கூடாது. அவள் ஏற்கெனவே தண்ணீர் பிடிக்கிறாள், தம்பியைத் தூக்குகிறாள். அண்ணனும் அப்பாவும் தம் முறைக்கு உட்காரட்டும்.

எந்த மொழியில்?

பெற்றோர் அனைவரும் கேட்கும் கேள்வி இது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் இந்தியோ ஆங்கிலமோ. எதில் சொல்லிக்கொடுப்பது?

முதலில் தமிழில் விளங்கவைக்க வேண்டும் என்பதே நம் கருத்து. இது மொழிப்பற்றால் மட்டும் சொல்வதல்ல. தமிழில் எண்ணின் பெயரே கணக்கைச் சொல்லிவிடுகிறது. ஐம்பத்தாறு என்றால் ஐம்பதும் ஆறும். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். தொண்ணூறு போன்ற சில பெயர்கள்தான் வழி மாறுகின்றன. இந்தியில் 56க்குச் சப்பன். அதில் ஐம்பது எங்கே, ஆறு எங்கே என்று பிள்ளைக்குத் தெரியாது. 49க்கு உன்சாஸ், ஒன்று குறைந்த ஐம்பது என்று பொருள், ஆனால் குழந்தை காதில் அது நாற்பதாகவும் விழாது, ஒன்பதாகவும் விழாது. இந்தியில் நூறு வரை ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகப் பழக வேண்டும். ஆங்கிலத்திலும் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள பெயர்களில் பத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தி பேசும் பிள்ளை அதைப் பிறந்தது முதல் கேட்டு வளர்கிறது. நம் பிள்ளைக்கு அது இரண்டாம் சுமை.

ஆனால் தமிழோடு நின்றுவிட்டால் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பெல்கி, ட்ஸிவ்கின் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களைச் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள். துல்லியமான கணக்கு விடைகளை எந்த மொழியில் பழகினார்களோ அந்த மொழியில்தான் அவர்களுக்கு விரைவாக நினைவுக்கு வந்தன. மற்ற மொழியில் தாமதமாயிற்று. பரீட்சையில் தாமதம் என்றால் மதிப்பெண் போயிற்று. ஆகவே, பொருள் தமிழில் விளங்கட்டும். பிறகு பள்ளி மொழியிலும் நாவில் ஏறட்டும்.

அதற்கு நமக்கு இந்தி தெரிய வேண்டுமா? வேண்டாம். நாம் "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்போம். பிள்ளை "சாத் அட்டே சப்பன்" என்று நமக்குத் திருப்பிச் சொல்லட்டும். நாம் தமிழ் வாய்பாட்டுக்கு ஆசிரியர். பிள்ளை இந்தி வாய்பாட்டுக்கு நமக்கு ஆசிரியர். பதினைந்து வருடம் தில்லியில் இருந்தும் கடைக்காரர் சொல்லும் 'உன்சட்' 59ஆ 69ஆ என்று திகைக்கிற நம் தாய்மார்களுக்கும் இதில் லாபம் உண்டு. மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை தானும் மறக்காது.

நூறு கணக்கா, பத்துக் கணக்கா?

பத்துப் பத்து வரை வாய்பாடு என்றால் நூறு வரிகள். பிள்ளை மலைக்கிறது, நாமும் மலைக்கிறோம். உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

மூவெட்டும் எண்மூன்றும் ஒன்றே. மூன்று வரிசையில் எட்டு எட்டாகச் செங்கல் அடுக்கினாலும், எட்டு வரிசையில் மூன்று மூன்றாக அடுக்கினாலும் 24 கல்தான். கொத்தனார் வேலை பார்க்கும் தகப்பன் இதைத் தீக்குச்சி அடுக்கிக் காட்டிவிடலாம். இந்த ஒன்று விளங்கினாலே நூறு வரி 55 ஆகிவிடும். அதில் ஒன்றாம் வாய்பாடும் பத்தாம் வாய்பாடும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாதவை. இரண்டாம் வாய்பாடு அதே எண்ணை இன்னொரு முறை கூட்டுவது. ஐந்தாம் வாய்பாடு கடிகார முள்ளில் இருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தில் இருக்கிறது. இந்த நான்கையும் கழித்தால் மீதி 21.

ஒன்பதுக்கு விரல் போதும். பத்து விரலையும் விரித்து, நாலொன்பது வேண்டுமானால் இடதுபுறமிருந்து நாலாவது விரலை மடக்க வேண்டும். மடக்கிய விரலுக்கு இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஆறு: முப்பத்தாறு. ஒன்பதும் போனால் மீதி 15. நாலாம் வாய்பாடு இரட்டிப்பின் இரட்டிப்பு: ஏழுக்கு இரண்டு மடங்கு 14, அதற்கு இரண்டு மடங்கு 28. அதையும் எடுத்துவிட்டால் மீதி பத்தே பத்து:

மும்மூன்று ஒன்பது, மூவாறு பதினெட்டு, மூவேழு இருபத்தொன்று, மூவெட்டு இருபத்துநான்கு, ஆறாறு முப்பத்தாறு, ஆறேழு நாற்பத்திரண்டு, ஆறெட்டு நாற்பத்தெட்டு, ஏழேழு நாற்பத்தொன்பது, ஏழெட்டு ஐம்பத்தாறு, எட்டெட்டு அறுபத்துநான்கு.

மனப்பாடம் என்று உட்கார்ந்து செய்ய வேண்டியது இந்தப் பத்துதான். வாரத்துக்கு இரண்டு வரி என்றால் ஐந்து வாரம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட நாள்தோறும் பத்து நிமிடம் மேல். நேற்றுச் சொன்னதை இன்று கேட்க வேண்டும். போன வாரத்ததை இந்த வாரம் கேட்க வேண்டும். வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு வாய்பாடு வந்துவிட்டதென்று ஏமாந்துவிடக் கூடாது. நடுவில் நிறுத்தி "ஆறெட்டு?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டு, "48இல் எத்தனை எட்டு?" என்றும் கேட்க வேண்டும். அதுதான் வகுத்தலுக்கு வாசல்.

இட்லிக் கடை நடத்துபவர் வீட்டில் இட்லித் தட்டே வாய்பாட்டுப் பலகை: தட்டுக்கு ஏழு குழி, ஆறு தட்டு, எத்தனை இட்லி? ஆனால் வாயால் சொன்னதோடு விட்டுவிடாமல், அதைப் பிள்ளை நோட்டில் எண்ணாக, 7 × 6 = 42 என்று எழுதவும் வேண்டும். மேலே சொன்ன பாலம் இதுதான். பேசுவதைப் பெற்றோர் செய்யட்டும்; எழுதுவதைப் பிள்ளை செய்யட்டும். எழுதத் தெரியாத தாயும் இந்த வேலையில் சரிபாதிக்காரிதான்.

தவறாகச் சொன்னால் அடிக்கலாமா? கூடாது. பள்ளியில் பிள்ளையை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பள்ளியில் குற்றமானது வீட்டில் நியாயமாகிவிடாது. அடிக்குப் பயந்த பிள்ளைக்கு ஏழெட்டு மறந்துபோகும். அடி மட்டும் நினைவிருக்கும். நாள் முழுதும் உழைத்து வந்த களைப்பில் நமக்குக் கோபம் வருகிறது, உண்மை. அன்றைக்குப் பாடத்தை விட்டுவிடலாம். நாளை பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளியை விட்டுவிடுவதா?

"வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள் என்றால், அரசாங்கம் தன் கடமையிலிருந்து நழுவ நீங்களே வழிசெய்கிறீர்களா?" என்று நம் தோழர்களில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாம் வீட்டில் செய்வது பள்ளியின் கடமைக்கு மாற்றல்ல. பள்ளியைக் கேள்வி கேட்பதற்கான தகுதியை நமக்குத் தருவது. பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று அறிந்த தாய்தான் பள்ளி வாசலில் நின்று கேட்க முடியும்.

கேட்பதற்குச் சட்டமும் இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350-அ பிரிவு கூறுகிறது. 1956இல் சேர்க்கப்பட்டது அது. கல்வி உரிமைச் சட்டம் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் நடத்தக்கூடாது என்கிறது. 21ஆம் பிரிவின்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலிகள் நமக்கானவை. எத்தனை பேர் அதில் உட்கார்ந்திருக்கிறோம்?

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2025 ஜூன் 1ஆம் தேதி, ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராசி கேம்ப் உயர்நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்கே மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டென்றார்கள். அந்த வீடும் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில். 370இல் 189 போனால் 181. அந்த 181 குடும்பங்களும் எங்கே போவது? இந்தக் கழித்தலை எந்தப் பிள்ளையும் போட்டுவிடும். பதில்தான் யாரிடமும் இல்லை. அங்கிருந்த பிள்ளைகளில் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு வீடு மாறும், பள்ளி மாறும், பயிற்றுமொழியும் மாறும். ஒரு முறை நாவில் ஏறிய வாய்பாட்டை எந்த இயந்திரமும் வந்து இடிக்க முடியாது.

கடைசியாக ஒரு கணக்கு. 2025 ஏப்ரலில் தில்லி அரசு பயிற்சியற்ற தொழிலாளிக்கு அறிவித்த குறைந்தபட்சக் கூலி மாதம் 18,456 ரூபாய். 26 வேலைநாளால் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 710. கான்ட்ராக்டர் 500 கொடுத்தால் நாளுக்கு 210 குறைகிறது. இருபத்தாறு நாளுக்கு எவ்வளவு? இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் நம் பிள்ளைகளைக் கொண்டே பெருக்கச் சொல்வோம். 5,460 என்று அது எழுதிக் காட்டும்போது, வாய்பாடு எதற்கு என்று அதற்கும் புரியும், நமக்கும் புரியும்.